‘நீ யார்?’ என்று கேட்டால் கணினி சொல்லும் பதில்: ஒரு சிறு வரலாறு

பள்ளிக் கணினிக் கூடத்தில் உள்ள விண்டோஸ் கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் ‘சிஸ்டம் டைப்’ என்றொரு வரி தெரியும். பெரும்பாலும் அது இப்படி இருக்கும்: 64-பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64-பேஸ்ட் புரோசசர். மாணவர்கள் இதை ஒரே தகவலாக எடுத்துக்கொண்டு “இது 64-பிட் கணினி” என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் இங்கே இரண்டு தகவல் இருக்கு. காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது இயங்குதளம் தன்னைப் பற்றிச் சொல்வது. பின்னால் இருப்பது, தனக்குக் கீழே இருக்கிற சிப்பைப் பற்றி அது சொல்வது. இரண்டும் எப்போதும் ஒத்துப்போகும் என்ற கட்டாயம் கிடையாது.

இந்த வரி ஏன் இரண்டாகப் பிரிந்தது, அதில் வரும் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால், படிவம் 5 கணினி அறிவியலில் கணினிக் கட்டமைப்புப் பகுதியைப் படிக்கும்போது பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கு. எப்படி என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். பாடநூல் தமிழில் ‘செயலி’ என்றால் புரோசசர். கைப்பேசித் தமிழில் ‘செயலி’ என்றால் ஆப். இந்தக் கட்டுரையில் இரண்டும் அடிக்கடி வரும் என்பதால், சிப்பை புரோசசர் என்றும், அதில் ஓடுவதை நிரல் என்றும் எழுதுகிறேன்.

கணினியிடம் ‘நீ யார்’ என்று கேட்கும் தேவை தொடக்கத்தில் இல்லவே இல்லை. ஒரு மாடலுக்கு எழுதிய நிரல் அந்த மாடலில் மட்டும்தான் ஓடும். வேறு இயந்திரம் வாங்கினால் நிரலையும் திரும்ப எழுத வேண்டியதுதான். இந்த நிலையை மாற்றியது ஐபிஎம். 1964 ஏப்ரல் 7-ஆம் தேதி அந்த நிறுவனம் சிஸ்டம்/360 என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. சிறியது, பெரியது, மெதுவானது, வேகமானது எனப் பல மாடல்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளைத் தொகுதி. சின்ன மாடலுக்கு எழுதிய நிரல் பெரிய மாடலிலும் ஓடும். ‘கணினிக் கட்டமைப்பு’ என்ற கருத்தே இயந்திரத்திலிருந்து தனியாகப் பிரிந்து நின்றது இந்த இடத்தில்தான். தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளலாம்.

ஒரே நிரல் பல இயந்திரங்களில் ஓடத் தொடங்கியதும் புதிய கேள்வி முளைத்தது. நான் இப்போது எதில் ஓடிக்கொண்டிருக்கிறேன்? 1970-இல் வந்த சிஸ்டம்/370-இல் இதற்கென்றே ஒரு கட்டளை சேர்த்தார்கள். அதைக் கொடுத்தால் புரோசசர் தன் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் நினைவகத்தில் எழுதிவைக்கும். அதாவது, பதில் சிப்புக்குள்ளிருந்தே வந்தது. இயங்குதளம் அதை வாங்கிச் சொன்னால் போதும்.

அடுத்தது யூனிக்ஸ். பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் 1970-களில் ஒரு வகைக் கணினியிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவத் தொடங்கியது. அங்கே ‘புரோகிராமர்ஸ் வொர்க்பெஞ்ச்’ என்ற பதிப்பில் யூநேம் என்ற கட்டளை முதலில் தோன்றியது. யூனிக்ஸின் பெயர் என்பதன் சுருக்கம்தான் அது. லினக்ஸிலும் மேக்கிலும் இன்றும் அதே கட்டளை. அது ஐந்து பதில் தரும்: இயங்குதளத்தின் பெயர், வலையமைப்பில் இந்தக் கணினிக்கு வைத்த பெயர், வெளியீட்டு எண், பதிப்பு, கடைசியாக இயந்திர வகை. 1988-இல் போசிக்ஸ் என்ற பொதுத்தரம் வந்தபோது இந்த ஐந்தும் அதில் இடம்பிடித்தன.

ஆனால் ஐந்தாவது பதிலில் என்ன எழுத வேண்டும் என்று தரம் கறாராகச் சொல்லவில்லை. ‘இயந்திர வகை’, அவ்வளவுதான். விளைவு என்ன? ஆளுக்கொரு பதில். சன் நிறுவனத்தின் சோலாரிஸ், தன் சொந்த இயந்திரத்தில் ‘சன்4யூ’ என்று கணினி வரிசையின் பெயரைச் சொன்னது. சாதாரண பிசியில் ஓடினால் ‘ஐ86பிசி’ என்றது. லினக்ஸ் புரோசசர் குடும்பத்தைச் சொன்னது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இன்னும் ஒருபடி மேலே போய், அந்தக் குறிப்பிட்ட இயந்திரத்தின் அடையாள எண்ணையே தந்தது. கேள்வி ஒன்று, ஒருவர் ஊர்ப்பெயர் சொல்கிறார், ஒருவர் குடும்பப்பெயர் சொல்கிறார், ஒருவர் அடையாள அட்டை எண்ணை நீட்டுகிறார். புரோசசர் வகையைத் தனியாகக் கேட்க ‘பி’ என்றொரு விருப்பக் குறி பின்னால் வந்தது. அதைப் பல லினக்ஸ் கணினிகளில் கொடுத்துப் பாருங்க, ‘அன்னோன்’ என்று வரும். தெரியாதாம்! கையில் இருக்கும் சிப்பைத் தெரியாது என்று சொல்லும் கணினியைப் பார்த்து மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால் எல்லாருக்கும் பொதுவான வரையறை இல்லாத கேள்விக்கு அதைவிட நேர்மையான பதில் இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இனி, நம் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்த பிசியின் கதை. இதுதான் சுவாரசியமான பகுதி.

இன்டெல் 8086 சிப் 1978-இல் வந்தது. அதன் தம்பியான 8088-ஐ வைத்து 1981-இல் ஐபிஎம் பிசி வந்தது. 1982-இல் 286, 1985-இல் 386. ஐபிஎம்மின் பெரிய கணினிகளில் 1970-லேயே இருந்த ‘நீ யார்’ கட்டளை இந்தச் சிறிய சிப்புகளில் இல்லை. எந்தக் கணினி என்பதை மட்டும் ஓரளவுக்குத் தெரிந்துகொள்ளலாம். பயாஸ் நினைவகத்தின் கடைசிப் பகுதியில் ஒரு பைட் இருக்கும். பதினாறடிமான எண்ணில் எஃப்எஃப் என்றால் முதல் பிசி, எஃப்ஈ என்றால் எக்ஸ்டி, எஃப்சி என்றால் ஏடி. ஆனால் உள்ளே இருக்கும் புரோசசர் எது? கேட்க வழியில்லை.

கேட்க வழியில்லாதபோது நிரல் எழுதுபவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சீண்டிப் பார்த்தார்கள். 8086-இல் நிலைக்கொடிகள் என்ற 16 பிட் பதிவேடு ஒன்று உண்டு. அதன் மேல் நான்கு பிட்டுகள் யாருக்கும் பயன்படாதவை. 8086-இல் அந்த நான்கும் எப்போதும் 1, மாற்றினாலும் மாறாது. 286-இல் சாதாரண நிலையில் எப்போதும் 0. 386-இல் அவற்றில் சிலவற்றை மாற்ற முடியும். ஆகவே நிரல் அங்கே ஒரு மதிப்பை எழுதும், உடனே திரும்பப் படிக்கும். எழுதியது நின்றதா, அழிந்ததா என்று பார்த்து “ஓ, இது 286” என்று முடிவுக்கு வரும். 486 வந்தபோது 18-ஆவது பிட் புதிதாகச் சேர்ந்தது. அதை மாற்ற முடிந்தால் 486, இல்லாவிட்டால் 386. வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி. நோயாளி வாய் திறக்கவில்லை. அறிகுறியை வைத்தே முடிவு.

386 ஒருமுறை வாயைத் திறந்தது என்றும் சொல்லலாம். மின்சாரம் வந்து சிப் விழிக்கும் அந்தக் கணத்தில், ஒரு பதிவேட்டில் தன் அடையாள எண்ணை வைத்திருக்கும். ஆனால் முதலில் ஓடுவது பயாஸ். அது தன் வேலைக்கு அதே பதிவேட்டைப் பயன்படுத்தியதும் அந்த எண் போச்சு. பின்னால் வரும் இயங்குதளத்துக்கு எதுவும் மிஞ்சாது.

1993-இல் பென்டியம் வந்தது. அந்தக் குழுவை வழிநடத்தியவர்களில் இந்தியாவில் பிறந்த வினோத் தாம் முக்கியமானவர். அது 586 என்ற பெயரில் வராததற்குக் காரணம், வெறும் எண்ணை வணிகச் சின்னமாகப் பதிவுசெய்து காக்க முடியாது என்று அமெரிக்க நீதிமன்றம் சொன்னதுதான். ஏஎம்டி போன்ற போட்டியாளர்களும் தங்கள் சிப்புக்கு 386 என்றே பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஐந்து என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘பென்டியம்’ பிறந்தது. அதே சிப்போடு சிபியுஐடி என்ற கட்டளையும் பரவலாக வந்தது. பிற்கால 486 சிப்புகள் சிலவற்றிலும் அது உண்டு. கடைசியில் பிசி புரோசசருக்கும் பேச்சு வந்துவிட்டது.

அது முதலில் பேசும் சொல் பன்னிரண்டு ஆங்கில எழுத்து. இன்டெல் சிப் ‘ஜெனுயின்இன்டெல்’ என்று சொல்லும்: அசல் இன்டெல். ஏஎம்டி ‘ஆத்தென்டிக்ஏஎம்டி’ என்றது: நம்பகமான ஏஎம்டி. மூன்றாவதாக வந்த சைரிக்ஸ், ‘சைரிக்ஸ்இன்ஸ்டெட்’ என்று குறும்பாக எழுதிவைத்தது: அதற்குப் பதிலாக சைரிக்ஸ். பன்னிரண்டு எழுத்துக்குள் வணிகப் போட்டி முழுவதும் அடக்கம்.

இங்கேதான் வரலாற்று ஆசிரியர்கள் கவனிக்கலாம். இது ஒரு மெய்க்கீர்த்தி. அரசன் தன்னைப் பற்றிக் கல்லில் பொறிக்கச் சொன்ன வாசகம். ‘கடாரம் கொண்டான்’ என்ற ராஜேந்திர சோழனின் பட்டத்தைப் படிவம் 1 மாணவன்கூட நம் கெடாவோடு சேர்த்து நினைவில் வைத்திருப்பான். அந்தப் பட்டம் சான்று. ஆனால் தன்னைப் பற்றித் தானே சொல்லும் சான்று. யார், யாருக்காக, ஏன் இப்படிச் சொன்னார்கள் என்று கேட்டுத்தான் அதை வாசிக்க வேண்டும்.

ஒப்புமை இதோடு நிற்கவில்லை. சிபியுஐடி அடுத்ததாகக் குடும்ப எண், மாடல் எண், திருத்த எண் மூன்றையும் சொல்லும். பென்டியம் குடும்பம் 5. 1995-இல் வந்த பென்டியம் புரோ குடும்பம் 6. பென்டியம் 2, பென்டியம் 3 எல்லாம் 6-தான். 2000-இல் பென்டியம் 4 வந்தபோது திடீரென்று 15-க்குத் தாவியது. 2006-இல் கோர் 2 வந்ததும் மறுபடி 6. அதற்குப் பின் கோர் ஐ3, ஐ5, ஐ7 என்று ஆண்டாண்டாக வந்த சிப்புகளும் 6. சோழர் கல்வெட்டு வாசிப்பவர்களுக்கு இது பழகிய சங்கடம். சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாறி மாறி ஏற்றார்கள். ‘பரகேசரி’ என்று மட்டும் ஒரு கல்வெட்டு சொன்னால், எந்தப் பரகேசரி என்று உடனே முடிவுகட்ட முடியாது. ஆட்சியாண்டு, எழுத்தின் அமைப்பு, உடன் வரும் பெயர்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதே மாதிரி ‘குடும்பம் 6’ என்பதை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. 1995-ஆகவும் இருக்கலாம், 2020-ஆகவும் இருக்கலாம். மாடல் எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 32-பிட் லினக்ஸ் ‘ஐ686’ என்று காட்டும்போது அந்த 6 இந்தக் குடும்ப எண்தான். குடும்ப எண் 15 ஆன பென்டியம் 4-க்கும் லினக்ஸ் ‘ஐ686’ என்றே காட்டும். 6-க்கு மேல் போகாதபடி நிரலிலேயே வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

பேச்சு வந்த சிப் அளவுக்கு மீறிப் பேசிய சம்பவமும் உண்டு. 1999-இல் பென்டியம் 3-இல் ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியாக 96 பிட் வரிசை எண் ஒன்றைப் பதித்து, அதைக் கேட்கும் நிரலுக்குச் சொல்லும்படி இன்டெல் செய்தது. இணையத்தில் ஒருவரைப் பின்தொடர இது போதுமே என்று தனியுரிமை அமைப்புகள் எதிர்த்துப் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தன. கடைசியில் பென்டியம் 4-இல் அந்த எண் இல்லை. சிஸ்டம்/370 வரிசை எண் சொன்னபோது யாரும் கோபப்படவில்லை; அது அலுவலகத்தின் பெட்டி. பென்டியம் 3 வீட்டுக்குள் இருந்தது.

சொன்ன பெயரை வைத்துப் பாகுபாடு காட்டியதும் நடந்தது. இன்டெல்லின் கம்பைலர் உருவாக்கிய நிரல்கள், ஓடும்போது அந்தப் பன்னிரண்டு எழுத்தைப் பார்க்கும். ‘ஜெனுயின்இன்டெல்’ இல்லையென்றால், சிப்புக்கு அந்தத் திறன் இருந்தாலும் மெதுவான வழியில் போகும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இன்டெல் மீது தொடுத்த வழக்கு 2010-இல் உடன்பாட்டில் முடிந்தபோது, இந்த வேறுபாட்டை நிரல் எழுதுபவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. உன்னால் என்ன முடியும் என்று கேட்பதற்குப் பதில், நீ எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டார்கள். நமக்குத் தெரியாத பழக்கமா இது?

இனி 64-பிட். இன்டெல் அதற்கு இடானியம் என்ற புதிய வழியில் போனது. பழைய நிரல்கள் அதில் சரியாக வேகம் பிடிக்கவில்லை. ஏஎம்டி பழைய கட்டளைத் தொகுதியையே 64-பிட்டாக நீட்டித்து, 2003-இல் ஆப்டெரான் சிப்பாகக் கொண்டுவந்தது. அதன் பெயர் ஏஎம்டி64. சந்தை அதைத்தான் ஏற்றது. பிறகு இன்டெல்லும் அதையே பின்பற்றியது. ஆனால் பெயர் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. லினக்ஸ் ‘எக்ஸ்86_64’ என்கிறது. விண்டோஸ் திரையில் ‘எக்ஸ்64’ என்கிறது, உள்ளே ‘ஏஎம்டி64’ என்று வைத்திருக்கிறது. உபுண்டு, டெபியன் லினக்ஸ் கோப்புகளின் பெயரிலும் ‘ஏஎம்டி64’ இருக்கும். இன்டெல் சிப் உள்ள பள்ளிக் கணினிக்கு லினக்ஸ் பதிவிறக்கப் போன மாணவர், ‘இது ஏஎம்டி கணினிக்கு’ என்று நினைத்துத் தயங்குவது இதனால்தான். தயங்க வேண்டாம், அதுதான் சரியான கோப்பு.

இந்தப் பெயர்க் குழப்பம் பள்ளிக்குப் பணமாகவும் கணக்காகிறது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே இல்லை. பழைய கூடத்தில் ‘32-பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம்’ என்று காட்டும் கணினியைப் பார்த்ததும் ‘இது 32-பிட், ஒதுக்கிவிடலாம்’ என்று பட்டியலில் எழுதிவிடுவது எளிது. காற்புள்ளிக்குப் பின்னால் பாருங்க. ‘எக்ஸ்64-பேஸ்ட் புரோசசர்’ என்று இருந்தால், சிப் 64-பிட். யாரோ முன்பு அதில் 32-பிட் விண்டோஸை நிறுவியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 4 ஜிபி நினைவகம் இருந்தும் 3 ஜிபி சொச்சம்தான் பயன்படும் என்று காட்டுவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். விண்டோஸ் 11 அந்தச் சிப்பை ஏற்காமல் போகலாம், அதன் புரோசசர் பட்டியல் தனி. ஆனால் 64-பிட் லினக்ஸ் பெரும்பாலும் ஏற்கும்.

லினக்ஸில் சோதிக்க ‘எல்எஸ்சிபியு’ என்ற கட்டளை போதும். ‘32-பிட், 64-பிட்’ என்று இரண்டையும் காட்டினால் சிப் இரண்டையும் செய்யும் என்று பொருள். இது பெயரைக் கேட்பதல்ல, திறனைக் கேட்பது. யூநேம் தரும் பதிலைவிட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். ஏனென்றால் யூநேம் தரும் இயந்திர வகை, இயங்குதளத்தின் கருவான கெர்னல் எந்த வகையில் உருவாக்கப்பட்டது என்பதையே பெரும்பாலும் சொல்லும். ராஸ்பெரி பை 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிப் 64-பிட். ஆனால் 32-பிட் இயங்குதளம் உள்ள அட்டையைச் செருகினால் ‘ஆர்ம்வி7எல்’ என்று சொல்லும். அது 32-பிட் பெயர். அதே பலகையில் 64-பிட் இயங்குதள அட்டையை மாற்றிச் செருகினால் ‘ஏஆர்ச்64’ என்று சொல்லும். சிப் மாறவில்லை, பதில் மாறிவிட்டது. வகுப்பில் செய்துகாட்ட இதைவிட மலிவான சோதனை இல்லை.

விண்டோஸும் கேட்பவரைப் பார்த்துப் பதில் சொல்லும். 64-பிட் விண்டோஸில் ஓடும் பழைய 32-பிட் நிரல் ‘புரோசசர் என்ன வகை’ என்று கேட்டால், ‘எக்ஸ்86’ என்ற பதில்தான் கிடைக்கும். உண்மையைச் சொன்னால் அது தடுமாறும் என்பதால் அதற்குப் பழகிய உலகத்தையே காட்டுகிறார்கள். ஆப்பிள் 2020-இல் தன் சொந்த எம்1 சிப்புக்கு மாறியபோதும் இதே உத்தி. ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பியின் வழியாக ஓடும் பழைய நிரல் கேட்டால், ஆர்ம் வகைச் சிப்பில் உட்கார்ந்துகொண்டே மேக் ‘எக்ஸ்86_64’ என்று சொல்லும். பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்த நிரலைப் பொறுத்தவரை அதுதான் அதன் இயந்திரம்.

இன்று நம் ஜொகூரில் இந்தக் கேள்வி இன்னும் ஒரு அடுக்கு மேலே போய்விட்டது. சிங்கப்பூர் 2019-இல் புதிய டேட்டா சென்டர்களுக்கான அனுமதியை நிறுத்திவைத்த பிறகு, கூலாய், செடெனாக், இஸ்கண்டார் புத்ரி பக்கம் வரிசையாகக் கட்டடங்கள் எழுந்தன. அத்தகைய இடங்களில் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மெய்நிகர் கணினி. ஒரே பெரிய இயந்திரத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர். அது சிபியுஐடி கேள்வியை வழிமறித்து, தான் விரும்பிய பதிலைக் கொடுக்க முடியும். சில திறன்களை மறைத்துவிடும். தன் பெயரையும் அதே பன்னிரண்டு எழுத்து மரபில் சொல்லும், ‘விஎம்வேர்விஎம்வேர்’ என்பது போல. அதில் ஓடும் இயங்குதளம் அந்தப் பதிலைத்தான் நமக்குத் திருப்பிச் சொல்கிறது.

எங்கே இருக்கிறாய் என்பது மட்டும் இந்த எந்தப் பதிலிலும் வராது. 1972-இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் திறந்தது. அங்கே பொருத்திச் சோதித்து அனுப்பிய சிப்புகள் பலவற்றின் மேல்மூடியில் ‘மலாய்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். பழைய கணினியைப் பிரிக்க வாய்ப்புக் கிடைத்தால், விசிறியைக் கழற்றி, பசையைத் துடைத்துவிட்டு மாணவர்களுக்குக் காட்டுங்கள். சிபியுஐடி அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.